பழைய சிறு சரக்கு வாகனம்: எதை முதலில் ஆராய்வது?

காய்கறி மண்டியிலிருந்து கடைத்தெருவுக்கும், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சந்தைக்கும், கிடங்கிலிருந்து கட்டுமானக் களத்திற்கும் இன்று இந்தியாவெங்கும் சுமை சுமப்பது சிறு சரக்கு வாகனமே. 2005-ஆம் ஆண்டில் 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டு சிலிண்டர்களும் கொண்ட டீசல் எஞ்சினோடு டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. வட மாநிலங்களில் அது ‘சோட்டா ஹாத்தி’ என்றும், தமிழில் ‘குட்டி யானை’ என்றும் பெயர் பெற்றது. அதன் பின்னர் 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த், 2015-இல் மகிந்திராவின் ஜீத்தோ, 2016-இல் மாருதியின் சூப்பர் கேரி எனப் பல வண்டிகள் இவ்வரிசையில் சேர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே உரிமையாளரிடம் நெடுங்காலம் இருப்பதில்லை. சில ஆண்டுகள் உழைத்த பின் கைமாறுகின்றன. புதிய வண்டியின் விலைக்கு வசதியில்லாத சிறு வணிகருக்கும், கூலிக்கு ஓட்டிய வண்டியை விட்டுச் சொந்த வண்டி வாங்க எண்ணும் ஓட்டுநருக்கும் இந்தப் பழைய வாகனச் சந்தையே முதல் வாயில்.

அந்த வாயிலில் தவறினால் இழப்பு பெரிது. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகச் செலுத்தி, மீதியைக் கடனாகப் பெற்று வாங்கிய வண்டி மூன்றாம் மாதத்தில் பணிமனையில் நின்றுவிட்டால், வருவாய் நிற்கும், தவணை நிற்காது. ஆகவே பழைய வாகனத்தை ஆராய்வதற்கு ஒரு வரிசைமுறை வேண்டும். வாங்குவோரில் பலர் முதலில் எஞ்சினை முடுக்கி அதன் ஒலியைக் கேட்கின்றனர். ஆவணங்களை இறுதியில் புரட்டுகின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எதைப் பின்னர்ச் சீர்செய்ய இயலாதோ அதை முதலிலும், எதைப் பணம் கொடுத்துச் சீர்செய்ய இயலுமோ அதைப் பின்னரும் ஆராய வேண்டும். அவ்வகையில் வேலைக்குப் பொருந்தும் தன்மை, ஆவணங்கள், அடிச்சட்டகம், எஞ்சின், விலை என ஐந்து படிகளை வரிசையாகக் காண்போம்.

1. வேலைக்குப் பொருந்துகிறதா?

வண்டியைப் பார்க்கச் செல்லும் முன்னரே செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நாம் ஏற்றப்போகும் சுமை எவ்வளவு? பதிவுச் சான்றில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, சுமையில்லா எடை. மற்றொன்று, சுமையோடும் ஆட்களோடும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் கிடைப்பதில் ஓட்டுநரும் உதவியாளரும் அடக்கம். எஞ்சியதே சட்டப்படி ஏற்றத்தக்க சுமை.

எடுத்துக்காட்டாக, 20 லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்று நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 21 கிலோ இருக்கும். ஒரு நடைக்கு 40 கேன்கள் என்றால் 840 கிலோ. ஏறத்தாழ 750 கிலோ மட்டுமே ஏற்றத்தக்க வண்டி இத்தொழிலுக்குப் பொருந்தாது. ஒன்று, நடைகளைக் கூட்ட வேண்டும். அல்லது பெரிய வண்டியை நாட வேண்டும். ‘கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் என்ன?’ என்று எண்ணுவோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒருமுறை பிடிபட்டால் பல நாள் வருவாய் போய்விடும்.

சிறு வண்டிகளுக்குச் சில சட்டச் சலுகைகளும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்திற்குப் பெர்மிட் தேவையில்லை என்று அச்சட்டத்தின் 66-ஆம் பிரிவு கூறுகிறது. 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் பெற்றவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. ஆயினும் எடையை விற்பவரின் வாய்மொழியால் அன்றி, பதிவுச் சான்றைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயரில் விற்கும் வண்டிகளிலும் மாதிரிக்கு மாதிரி எடை வேறுபடும்.

2. ஆவணங்கள் சொல்லும் செய்தி

பழுதான எஞ்சினை மாற்றலாம். பிறருடைய கடனில் சிக்கிய வண்டியைப் பணிமனையில் சீர்செய்ய இயலாது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆவணங்களை முழுமையாக ஆராய வேண்டும்.

முதலாவது, ஆர்.சி. என வழங்கும் பதிவுச் சான்று. விற்பவரின் பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ‘உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், கையெழுத்திட்ட படிவங்கள் என்னிடம் உள்ளன’ என்று கூறுவோரிடம் உரிமையாளரை நேரில் காண விரும்புவதாகச் சொல்வதில் தவறில்லை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு வாகன வகை, பதிவு நாள், தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் காலக்கெடு முதலியவற்றைக் காணலாம். நிலுவையில் உள்ள மின்னணு அபராதங்களையும் அங்கேயே அறியலாம். காகிதமும் தளமும் சொல்வது வேறுபட்டால், காரணம் தெரியும்வரை மேலே செல்லக் கூடாது.

இரண்டாவது, அடமானப் பதிவு. வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றில் இருக்கும். கடன் தீர்ந்த பின்னரும் பலர் அப்பதிவை நீக்காமல் விட்டுவிடுகின்றனர். அத்தகைய நிலையில் கடன் கொடுத்தவரின் தடையின்மைக் கடிதமும், அவர் ஒப்பமிட்ட படிவம் 35-ம் வேண்டும். கடன் இன்னும் தீரவில்லை எனில், மீதித் தொகை எவ்வளவு என்பதைக் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்தே எழுத்து மூலம் பெற வேண்டும். நாம் தரும் விலையிலிருந்து அத்தொகையை நேரடியாக அந்நிறுவனத்தின் கடன் கணக்கிற்கே செலுத்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விற்பவர் பெயரில் உள்ள கடனை அப்படியே விட்டுவிட்டு, ‘மீதித் தவணைகளை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. கடன் கொடுத்தவரின் இசைவின்றி அவ்வாகனத்தின் பெயர் மாற்றம் பதிவாகாது. வாங்கியவர் தவணை முழுவதையும் செலுத்தினாலும் ஏடுகளில் உரிமையாளர் விற்றவரே. அவருடைய வேறு நிலுவைகள், இறப்பு, குடும்பப் பூசல் என எதுவும் அவ்வண்டியைப் பற்றிக்கொள்ளும். விற்பவருக்கும் இதில் இடர் உண்டு. பெயர் மாற்றப்படாத வாகனம் விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ளவரையே உரிமையாளராகக் கொண்டு இழப்பீட்டுப் பொறுப்பு சுமத்தப்படும் என்று 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே உரிய முறையில் பெயர் மாற்றுவது இரு தரப்புக்கும் காப்பு.

மூன்றாவது, எஃப்.சி. என வழங்கும் தகுதிச் சான்று. எட்டாண்டு நிறையும் வரை போக்குவரத்து வாகனத்திற்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் இதைப் புதுப்பிக்க வேண்டும். ஏழரை ஆண்டு ஆன வண்டியை வாங்குவோர், விரைவில் ஆண்டுதோறும் இச்செலவும் அதற்காக வண்டி நிற்கும் நாட்களும் வரும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சான்று காலாவதியான வண்டி எனில், புதுப்பித்துத் தந்த பின்னரே முழுத் தொகை என்று பேசுவது முறை.

நான்காவது, வாகனம் பதிவான மாநிலமும் அதன் மாசு நிலையும். வேறு மாநில வண்டியை வாங்கினால் தடையின்மைச் சான்று, வரி, மறுபதிவு ஆகியவற்றின் செலவையும் காலத்தையும் சேர்த்தே விலையை மதிப்பிட வேண்டும். பாரத் நிலை 4 விதிகள் 2017 ஏப்ரலிலும், நிலை 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. தில்லித் தலைநகர்ப் பகுதியில் பழைய டீசல் வாகனங்கள் மீதான கட்டுப்பாடுகள் பற்றி நீதிமன்ற ஆணைகள் தொடர்ந்து வந்துள்ளன. அங்கே ஓட்ட இயலாமல் குறைந்த விலைக்குப் பிற மாநிலங்களுக்கு வரும் வண்டிகளும் உண்டு. விலை குறைவு என்பதோடு ஏன் குறைவு என்பதையும் கேட்க வேண்டும்.

3. அடிச்சட்டகமும் சுமை தாங்கும் உறுப்புகளும்

ஆவணங்கள் சரியெனில் வண்டிக்கு அருகே செல்லலாம். முதற்பணி, சேஸிஸ் எண்ணைத் துடைத்துவிட்டு எழுத்துக்கு எழுத்து பதிவுச் சான்றோடு ஒப்பிடுதல். எண் உள்ள இடத்தில் அராவிய தடமோ, ஒரு சில எழுத்துகள் மட்டும் ஆழமாகப் பதிந்திருப்பதோ, அவ்விடத்தில் மட்டும் புதிய வண்ணம் இருப்பதோ தென்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நன்று. எஞ்சின் எண்ணையும் அவ்வாறே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னால் சில அடி தள்ளி நின்று நோக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்துக் கமான் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது சட்டகம் முறுக்கியிருக்கலாம். கமான் பட்டைகளின் எண்ணிக்கையையும் காண வேண்டும். நிறுவனம் தந்ததற்கு மேல் பட்டை சேர்க்கப்பட்டிருந்தால், அவ்வண்டி அளவுக்கு மீறிச் சுமந்துள்ளது என்பதற்கு அது தெளிவான சான்று. அத்தகைய வண்டியில் சட்டகம், பின் அச்சு, கிளட்ச், பிரேக் என அனைத்தும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும்.

கமான் பட்டை சட்டகத்தோடு இணையும் இடங்களைக் கீழே குனிந்து விளக்கொளியில் பார்க்க வேண்டும். விரிசலும் வெல்டிங் ஒட்டும் பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். தகடு வைத்துப் பற்றவைத்த இடங்களைத் தடித்த கறுப்பு வண்ணம் மறைத்திருக்கக்கூடும். வண்டி முழுதும் பழையதாக இருக்க, அடிப்பகுதி மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் அதன் காரணத்தை வினவ வேண்டும். மீன், உப்பு, உரம் ஆகியவற்றை ஏற்றிய வண்டியில் சரக்குத் தளத்தின் இடுக்கு வழியே கசிந்த நீர் அடிச்சட்டகத்தை அரித்திருக்கும். தளத்தின் மேல் புதிய தகடு போட்டிருந்தாலும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் துருவேறிய இடம் மங்கிய ஒலி தரும்.

சட்டகம் கோணலாக உள்ளதா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிறிது நீர் தேங்கிய இடத்தைக் கடந்து காய்ந்த தரையில் வண்டியை நேராகச் செலுத்தச் சொல்ல வேண்டும். முன், பின் சக்கரத் தடங்களுக்கு இடையே உள்ள விலகல் இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விலகல் மிகுந்தால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபடி ஓடுகிறது என்பது பொருள். பெரும் விபத்தில் சிக்கியதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். டயர்கள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருப்பதும் இதையே சுட்டலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2321 எனில் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

4. எஞ்சினும் ஓட்டச் சோதனையும்

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் காண்பதே சிறப்பு. நாம் செல்வதற்கு முன் முடுக்கிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். சென்றதும் பானெட்டின் மேலோ, எஞ்சினை மூடிய பலகையின் மேலோ கை வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். நிலை 6 வண்டிகளில் இது மிக இன்றியமையாதது. விளக்கு ஒருபோதும் எரியவில்லை எனில் அது நலத்தின் அடையாளமன்று. பழுதை மறைக்க இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

புகையின் நிறமும் பேசும். தொடர்ந்து வரும் நீலப் புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, டீசல் முழுமையாக எரியாததைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னரும் நீங்காத வெண்புகை, குளிர்விப்பு நீர் உள்ளே கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் போன்ற படிவம் இருந்தால் அவ்வையம் வலுப்பெறும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூடான நிலையில் திறந்தால் கொதிநீர் பீறிட்டுச் சுடும்.

கிளட்சை அறிய, எதிரே ஆளோ தடையோ இல்லாத இடத்தில் கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரிட்டு, கிளட்ச் மிதியை மெல்ல விட வேண்டும். எஞ்சின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

எல்லாவற்றினும் முதன்மையானது சுமையோடு ஓட்டிப் பார்த்தல். வெறும் வண்டி ஏறக்குறைய எப்போதும் நன்றாகவே ஓடும். நாம் வழக்கமாக ஏற்றும் சுமையில் பாதியையேனும் ஏற்றி, மேடான சாலை ஒன்றை உள்ளடக்கி, அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மேட்டில் கியர் தானே விடுபடுகிறதா, வெப்பமானி ஏறுகிறதா, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங்கில் வீண் ஆட்டம் உள்ளதா என்பன அப்போது வெளிப்படும். இச்சோதனைக்கு விற்பவர் உடன்படாவிட்டால் அதுவும் ஒரு விடையே.

ஓடிய தொலைவைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்புதல் கூடாது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் ஐந்தாண்டில் 1,20,000 கிலோமீட்டர் ஆகும். ஐந்தாண்டு உழைத்த வண்டியின் மீட்டர் 48,000 காட்டி, மிதிகளின் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையும் நைந்து போயிருந்தால், சேவை மையத்தின் பதிவேட்டைக் கேட்டுப் பெற்று ஒப்பிட வேண்டும். சி.என்.ஜி. வண்டியாயின், வாயுக் கலன் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும், மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனையின் நாளையும் சரிபார்த்தல் வேண்டும்.

5. விலையும் கடனும்

இதுவரை கண்ட குறைகள் யாவற்றையும் ரூபாயாக மாற்றிய பின்னரே விலை பேச வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் வண்டி 3,00,000 ரூபாய். அதற்கு டயர்கள் 18,000, கிளட்ச் 12,000, கமான் பட்டைகள் 10,000, தகுதிச் சான்றுக்கான சீரமைப்பு 15,000 என 55,000 ரூபாய் தேவை. இவ்வேலைகளுக்காக 12 நாள் நின்றால், நாளுக்கு 1,000 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் வருவாய் இழப்பு. மொத்தம் 3,67,000. இரண்டாம் வண்டி 3,40,000 ரூபாய். 10,000 ரூபாய் செலவில் மறுநாளே வேலைக்குப் போகும். மொத்தம் 3,50,000. மலிவாகத் தோன்றிய வண்டி 17,000 ரூபாய் கூடுதல் விலையுடையது.

கடனிலும் இத்தகைய தோற்றமயக்கம் உண்டு. 3,00,000 ரூபாயை 12 விழுக்காட்டில் 36 மாதத் தவணையில் பெறுவதாகக் கொள்வோம். குறையும் நிலுவை முறையில் மாதத் தவணை 9,964 ரூபாய். அதே 12 விழுக்காடு, நிலையான வட்டி முறையில் எனில் தவணை 11,333 ரூபாய். மூன்றாண்டில் வேறுபாடு ஏறத்தாழ 49,000 ரூபாய். நிலையான முறையில் 12 என்பது உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்கு இணை. எங்கே கடன் பெற்றாலும் வட்டி எம்முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேட்டு எழுத்து மூலம் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை.

பின்னர் அத்தவணையை வேலை நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். தவணை 9,964 ரூபாய். காப்பீடு, வரி, தகுதிச் சான்று, டயர், பழுது ஆகியவற்றுக்கு மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கீடு. மாதம் 24 நாள் வேலை எனில், எரிபொருளும் கூலியும் போக நாளொன்றுக்கு 623 ரூபாய் மிஞ்ச வேண்டும். வேலை 18 நாளாகக் குறைந்தால் அதுவே 831 ரூபாய். குடும்பச் செலவு இதற்கு மேல்தான். மழைக்காலத்திலும் சந்தை மந்தமான மாதத்திலும் இத்தொகை கிடைக்குமா என்பதற்கு நேர்மையான விடை கண்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.

கடன் தரும்போது வங்கி மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேட்பது வழக்கம். அவ்வறிக்கை, கொடுக்கும் கடனுக்கு வண்டி போதிய ஈடாகுமா என்பதைச் சொல்லும். நம் தொழிலுக்கு அது பொருந்துமா, நாள்தோறும் உழைக்குமா என்பதைச் சொல்லாது. ஆகவே கடன் ஒப்புதல் கிடைத்ததை வண்டி நல்லது என்பதற்கான சான்றாகக் கொள்ளாமல், நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது நல்லது. அவர் விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இருத்தல் கூடாது.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை

தொகையை வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி, ஒப்படைத்த நாளும் நேரமும் குறித்த கடிதம் ஒன்றில் இருவரும் ஒப்பமிட வேண்டும். அந்நேரத்திற்கு முந்தைய அபராதங்கள் விற்றவரைச் சேரும் என்று அதில் எழுதிக்கொள்ளலாம். பெயர் மாற்றத்திற்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றை அன்றே நிரப்ப வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதில் காலந்தாழ்த்தினால், வண்டிக்கு நேரும் சேதத்திற்கு இழப்பீடு கோருகையில் சிக்கல் எழும். விற்றவர் ஈட்டிய கோரிக்கையின்மைச் சலுகை வாங்குபவருக்கு வாராது என்பதால் காப்பீட்டுக் கட்டணம் சற்று உயரும்.

இவ்வைந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி உடன் கொண்டுசெல்லலாம். முதல் மூன்று படிகளில் ஏதேனும் ஒன்று தவறினாலும் அவ்வண்டியை விட்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம். நான்காம் படியில் காணும் குறைகளை விலையில் கழித்துக்கொள்ளலாம். ஐந்தாம் படியில் கணக்கு ஒத்துவரவில்லை எனில், வண்டி எவ்வளவு நல்லதாயினும் அது இப்போதைக்கு நமக்குரியதன்று. ஒரு வாரம் பொறுத்துத் தேடுவதால் இழப்பது சில நாள் வருவாய் மட்டுமே. அவசரத்தில் வாங்கிய வண்டிக்கோ முப்பத்தாறு மாதம் தவணை செலுத்த வேண்டியிருக்கும்.